வேற்றுக்கிரகத்துக் கம்பெனி வேன்

வேற்றுக்கிரகவாசிகளின் படைக்கப்பலை ஸ்பீடு பிரேக்கருக்குப் பயந்து ஓட்டிய ஒரே ஆள் என் மாமாவாகத்தான் இருக்க வேண்டும். அது ஆகாயத்தில் பறக்கும் கப்பல். ஆனாலும் கீழே தரை கொஞ்சம் மேடாகத் தெரிந்தால் போதும், வேகத்தைக் குறைத்துவிடுவார். கும்மிடிப்பூண்டியிலிருந்து தேர்வாய் கண்டிகைக்குத் தினமும் கம்பெனி வேன் ஓட்டுகிறவரிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

அவர் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில்தான் இருந்தார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. திருநின்றவூரில் இருக்கும் பெரியம்மா மகன் காலேஜில் சேர்ந்து லேப்டாப் வாங்கியதும், தன் பழைய கம்ப்யூட்டரை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தான். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. மனிதர்கள் கோட்டைக்குள் இருப்பார்கள். அவர்களைப் பிடிக்கப் பச்சைத் தோல் சிப்பாய்கள் வருவார்கள். சிப்பாய்களை ஏற்றி வருவது வண்டு மாதிரி தொப்பை போட்ட ஒரு கப்பல். அது தரையிறங்கி வயிற்றைத் திறந்தால் சிப்பாய்கள் தாங்களாகவே நடந்து வந்து ஏறிக்கொள்வார்கள். கோட்டை வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் ஜெயம்.

பொங்கல் லீவுக்கு வந்த அந்த அண்ணன் என் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டான். அந்தக் கம்ப்யூட்டரை அவன் நண்பன் ஒருவன் கேட்கிறானாம்.

"ஒரே ஒரு ஆட்டம். என்னிய ஜெயிச்சிட்டா இங்கியே வெச்சிக்கோ. இல்லன்னா எட்த்துக்கினு பூடுவேன்" என்றான்.

எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் இருந்த ஒரே வீடு எங்களுடையது. அதை வைத்துத்தான் நான் பிள்ளைகள் நடுவில் ராணியாக வலம் வந்துகொண்டிருந்தேன். அண்ணன் தன் லேப்டாப்பில் மனிதர் பக்கம் ஆடுவான். வேற்றுக்கிரகப் பக்கத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சுட, ஒருவர் கப்பல் ஓட்ட. அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தால் கட்டையாகத் தூங்குவார். அம்மாவுக்கு மவுஸைத் தொடுவதே அருவருப்பு. மிச்சம், நான் ஆடும்போதெல்லாம் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும் மாமாதான். லைசென்ஸ் வைத்திருப்பவர் ஆயிற்றே என்று நானும் நம்பிவிட்டேன்.

மாமா குளித்து, விபூதி வைத்து, கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். கப்பல் தரையிறங்கியதும் வாயாலேயே இரண்டு ஹாரன் அடித்தார். கம்பெனி வேனுக்கு அதுதான் சட்டம். ஸ்டாப்பில் நின்று இரண்டு ஹாரன். அதற்குள் வராதவர்கள் ஷேர் ஆட்டோதான் பிடிக்க வேண்டும். ஒருவருக்காக நின்று, கம்பெனி கேட் மூடிவிட்டால் வேனில் இருக்கும் எல்லோருக்கும் அரைநாள் சம்பளம் போய்விடும். இந்த விஷயத்தில் தான் எவ்வளவு கறார் என்று மாமா வீட்டில் அடிக்கடி பீற்றிக்கொள்வார்.

ஆட்டம் எனக்குச் சாதகமாகவே போனது. கோட்டையின் பீரங்கிகளை நானே சுட்டு வீழ்த்திவிட்டேன். சிப்பாய்களும் ஏறிவிட்டார்கள். ஒரே ஒருவன் மட்டும் ஓர் இடிந்த சுவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, சுவரில் முட்டி முட்டி நடந்துகொண்டிருந்தான். அது விளையாட்டைச் செய்தவர்களின் கோளாறு. ஒவ்வோர் ஆட்டத்திலும் அப்படித்தான். அவனை விட்டுவிட்டுத்தான் யாரும் போவார்கள்.

"மாமா, எடு எடு" என்றேன்.

"ஒரு ஆளு வர்லியே."

"அது வராது மாமா. ரெண்டு ஹாரன் அட்ச்சிட்ட இல்ல? கெளம்பு."

மாமா மூன்றாவது ஹாரன் அடித்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"மாமா, பதினொரு பேரு ஏறிட்டாங்க. அந்த ஒண்ணுக்காவ நிப்பியா?"

"இருடி. அது இன்னா பண்ணும் பாவம், தனியா" என்றபடி கப்பலைத் திருப்பினார். பொறுமையாகச் சுவரைச் சுற்றிக்கொண்டு போய், சிப்பாய்க்கு எதிரிலேயே இறக்கினார். அவனும் ஏறினான். மாமாவுக்கு வாயெல்லாம் பல். அதற்குள் அண்ணன் பீரங்கிகளைச் சரிசெய்துவிட்டான். மேலே கிளம்பிய வண்டு, ஏற்றிய அத்தனை பேருடனும் நடு வானத்தில் வெடித்துச் சிதறியது.

கம்ப்யூட்டர் பழைய பெட்ஷீட்டில் சுற்றப்பட்டு ரயிலேறிப் போனது. நான் மாமாவோடு பேச்சை நிறுத்தினேன்.

என்னைச் சமாதானப்படுத்த, பள்ளி திறந்த அன்று மாமா தன் வேனிலேயே கூட்டிப்போனார். வேன் நிறைய வேலைக்குப் போகும் பெண்கள். என் பள்ளிக்கு முந்தைய ஸ்டாப்பில் யாரும் இல்லை. மாமா இரண்டு ஹாரன் அடித்தார். பிறகு மூன்றாவது. பிறகு நான்காவதும்.

"இன்னா டிரைவரே, ரெண்டு ஹாரன்னு சொல்லுவ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. யாருக்கும் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை.

ஓர் அக்கா பாதி பின்னிய சடையும் சாப்பாட்டுப் பையுமாக ஓடிவந்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் காலியாக வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கள மாரி லேட்டா வந்த ஒரு ஆளாலதான் எங்க ஊட்டு கம்ப்யூட்டரே பூட்ச்சி" என்றேன்.

வேனே சிரித்தது. மாமாவின் காது சிவந்துவிட்டது. என் கஷ்டம் இவர்களுக்குச் சிரிப்பாக இருக்கிறதே என்று எனக்கு அழுகை முட்டியது.

அந்த அக்கா மாமாவின் பக்கம் குனிந்து, "செவுத்தாண்ட ஒண்ணு மாட்டிக்கினு இருக்கும்னியே, அதுவா?" என்று கேட்டார்.

"அதான்."

"ஏறிச்சா?"

"ஏத்திட்டேன்."

"அப்ப சரி. வண்டிய எடு."

அடுத்த வருஷமே நான் அவரை அத்தை என்று கூப்பிட வேண்டி வந்தது. கல்யாணத்தன்றும் பெண் வந்த வேன் லேட்டுதான். ஆனால் வேனில் போன அன்று எனக்கு எதுவும் பிடிபடவில்லை. கப்பல் வெடித்தது, பன்னிரண்டு பேரும் காலி, கம்ப்யூட்டரும் போனது, இதில் என்ன சரி என்று பள்ளிக்கூடம் வரும்வரை மண்டையைக் குடைந்துகொண்டேன். மாமாவோ ஜெயித்தவர் மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார், ஸ்பீடு பிரேக்கரில்கூட வேகத்தைக் குறைக்காமல்.