மணி அடிக்கட்டும்

வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போட்டுப் பிழைப்பவள் அவள். ஊருக்கே ஒரே தொலைபேசிக் கம்பெனி. சம்பாத்தியத்தில் பாதியை இணையத்துக்கே அழுதாள். அப்படியும் ரிசீவரை எடுத்தால் நெட் அறுந்துவிடும். புகார் கொடுத்து நாற்பது நாளாயிற்று. கம்பெனி ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டு விசாரிக்கும். எடுக்காவிட்டால் புகாரை மூடிவிடும்.

அன்று நான்கு மணிக்குள் பள்ளிக்கூட வரைபடம் போய்ச் சேராவிட்டால் வேலை வேறொருவருக்கு. தொண்ணூறு சதவீதம் ஏறியபோது போன் மணி அடித்தது.

"அவங்கதான்டி!" கணவன் போனை நோக்கிப் பாய்ந்தான்.

"எடுத்தீங்க, அவ்வளவுதான்!"

"நாப்பது நாள் தவம்டி."

"இது ரெண்டு மாச உழைப்பு. கிட்ட போகாதீங்க."

மணி பதினோரு தடவை அடித்து ஓய்ந்தது. மூன்று ஐம்பத்தெட்டுக்கு வரைபடம் போய்ச் சேர்ந்தது. உடனே கம்பெனியைக் கூப்பிட்டாள்.

"உங்க லைன் சரியாயிடுச்சுன்னு போட்டிருக்கே, மேடம்."

"புதுப் புகாரா எழுதிக்குங்க," என்றாள்.