மாம்பழ நிறத்தில் இரண்டு துண்டு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கால் வாசலைத் தேடும். பழிவாங்கப் பிறந்த உடம்பு இல்லை இது. இருந்தும் ஒருவரைப் பழிவாங்கியே தீருவதென்று கோணிப்பையில் துணி சேர்த்தேன்.

அவர் அருப்புக்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. அவர் வீட்டுத் துணியெல்லாம் என் தையல் கடைக்குத்தான் வரும். ஒரு கல்யாணப் பந்தியில் என் மனைவியின் ரவிக்கையைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "டைலரு பொண்டாட்டிக்கு என்ன குறை? எங்க வீட்டுத் துணியில மிச்சம் பிடிச்சே சிங்காரிச்சிருவான்."

பந்தியே சிரித்தது. அது அவளுடைய தம்பி பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த துணி. அதன் பிறகு அவள் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. பத்திரிகை வந்தாலே தலைவலி என்பாள். நானும் அண்ணாச்சியிடம் நேருக்கு நேர் கேட்டேன்: "சட்டை அளவு சரியா இருக்கா அண்ணாச்சி?" அவ்வளவுதான் என் வீரம்.

வெட்டுத்துணியெல்லாம் வழக்கமாக கிரீஸ் துடைக்க ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும். அன்றிலிருந்து அவர் வீட்டுத் துண்டுகளை மட்டும் தனிப் பையில் போட்டேன். கழுத்து வெட்டிய பிறை, கைக்குழி இடுக்கு, எதையும் விடவில்லை.

தீபாவளிக்கு மாம்பழ நிறத்தில் இரண்டு ரவிக்கைத் துணி கொண்டுவந்தார். "மகளுக்கும் மருமகளுக்கும் ஒரே பட்டு. எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பிறகு குனிந்து, "காகிதம் சுத்துனது மகளுக்கு. மாறிரப்பிடாது" என்றார். கத்தரி வைத்ததுமே தெரிந்துவிட்டது. மகளுடையது பட்டு. மருமகளுடையது பட்டுப் போல மினுங்கும் பாலியஸ்டர். நான் வாயைத் திறக்கவில்லை. பையைத் திறந்தேன்.

மருமகளின் பிள்ளைக்குச் சித்திரையில் காதுகுத்து வைத்தார்கள். துண்டுகளையெல்லாம் ஒட்டி ஒரு போர்வை தைத்தேன். நட்டநடுவில் மாம்பழ நிறம் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். "இந்த ஒரு விசேஷத்துக்கு மட்டும் வா" என்று மனைவியிடம் விரித்துக் காட்டினேன். நடுவில் விரலால் தடவிப் பார்த்தாள். சேலை மாற்றப் போனாள்.

பாளையம்பட்டி மண்டபத்தில் சீர்த்தட்டுகளுக்கு நடுவே போர்வையை விரித்தேன். 'உங்க வீட்டு மிச்சம் ஒரு நூல் குறையாம இதுல இருக்கு அண்ணாச்சி' என்று பேசுவதற்கு வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்திருந்தேன். வாயிலிருந்து வந்தது, "பிள்ளைக்கு... குளிருக்கு." அக்கினி வெயிலில்!

ஆனால் போர்வை என்னைவிடத் தைரியசாலி. பெண்கள் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். எம்.ரெட்டியபட்டியிலிருந்து வந்திருந்த மருமகளின் அம்மா நடுத்துண்டைத் தடவினாள்.

"ஏத்தா, இது நீ போட்டுருக்க ரவிக்கைதான?"

"ஆமாம்மா. மதினிக்கும் இதேதான். மாமா ஒரே பட்டுல எடுத்தாக."

"ஒரே பட்டா? ரெண்டையும் தடவிப் பாரு."

நான் அதற்குள் பந்திக்கூடத் தூணுக்குப் பின்னால் போய், மண்டபத்துச் சுற்றுச்சுவர் என்னால் ஏறக்கூடிய உயரமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். அண்ணாச்சி வியர்த்து வழிய வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று கண்ணை மூடினேன்.

"தம்பி" என்றார். அதுவரை என்னை ஏலே என்றுதான் கூப்பிடுவார். "சம்பந்தியம்மா பட்டா இல்லையான்னு நூல உருவி விளக்குல கொளுத்திப் பாக்கணும்னு நிக்காக. நல்ல காரியத்துல அது ஆகுமா? ரெண்டும் பட்டுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிரு."

நான் மறுபடியும் சுவரைப் பார்த்தேன். மனைவி முன்னால் வந்தாள்.

"துணி திருடுறவுக சொன்னா சபை நம்புமா அண்ணாச்சி? அன்னைக்குப் பந்தியில சொன்னத இன்னைக்கு இங்க மாத்திச் சொல்லுங்க. அப்புறம் இவுக சொல்லுவாக."

அண்ணாச்சி என் தோளில் கைபோட்டு நடுமண்டபத்துக்கு இழுத்துப் போனார். "இவரு எங்க வீட்டுத் துணியில ஒரு நூலு எடுத்ததில்ல. இவரு வீட்டம்மாவ நான் பேசுனது தப்பு. இவரப் போல நாணயஸ்தன் டவுனுலயே கிடையாது. இவரு என்ன சொன்னாலும் அதுதான் சத்தியம்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சத்தியமாக, பொய் சொல்லித் தப்பிக்கத்தான் வாயைத் திறந்தேன். பந்திக்கூட வாசலில் நின்ற மனைவியின் முகம் நேர் எதிரே தெரிந்தது.

"வலது பக்கம் பட்டு. இடது பக்கம் பாலியஸ்டர்" என்றேன். பயத்தில் கடைப்பேச்சும் சேர்ந்து வந்துவிட்டது: "அயர்ன் வச்சா சுருங்கிரும்."

மருமகள் முந்தானையை இழுத்து ரவிக்கையை மூடிக்கொண்டாள். அவளுடைய அம்மா சீர்த்தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அதற்கு மேல் யார் என்ன பேசினார்கள் என்று நான் நின்று கேட்கவில்லை. பந்திக்கூடத்துக்கு ஓடி, "வா, பஸ்ஸு போயிரும்" என்று மனைவியைத் தேடினேன்.

அவள் முதல் வரிசையில், எல்லோருக்கும் தெரியும்படி, இலை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"கறி இன்னும் வரல" என்றாள். "உக்காருங்க."