இரண்டு கோடும் எட்டுப் படமும்

ஸ்டுடியோவில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். வைத்தவர் அக்காவின் புருஷன்; கடையும் அவருடையதுதான். ஆறு வருஷமாக அவர் படம் எடுப்பார், இவள் லைட் பிடிப்பாள், பேட்டரிக்குச் சார்ஜ் போடுவாள். அன்று அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பதிவு அலுவலகத்தில் ஒரு கல்யாணம். முதல்முறையாக இவளைத் தனியாக அனுப்பினார். "சொதப்பினா இனி லைட்டுதான்" என்றும் சொல்லிவிட்டார்.

பாதி வேலை ஆனபிறகுதான் தெரிந்தது, பையிலிருந்த மாற்று பேட்டரி காலி. சார்ஜரைச் செருகியவள் சுவிட்சைப் போடவில்லை.

கேமராவில் இருந்த பேட்டரி இரண்டு கோடு காட்டியது. மற்றவர்கள் பாதி இருக்கிறது என்று நம்புவார்கள். அந்தப் பழைய பேட்டரியின் குணம் இவளுக்கு அத்துப்படி. இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்காது, நேரே மூச்சை விட்டுவிடும். இரண்டு கோடு வந்தபின் ஃபிளாஷ் இல்லாமல் முப்பது படம் தாங்கும். இருபத்திரண்டு ஆகிவிட்டது. மீதி எட்டு, அதுவும் திரையைப் போட்டுப் பார்க்காமல் இருந்தால்.

கையெழுத்து முடிந்துவிட்டது. மணப்பெண்ணின் தங்கைதான் வரவில்லை. நர்ஸ் வேலை, ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். "அவ இல்லாம குடும்பப் படம் வேண்டாம்" என்று மணப்பெண் கண்கலங்கினாள்.

அதற்குள் மாப்பிள்ளையின் சித்தப்பா கையை நீட்டினார். "எடுத்ததைக் காட்டும்மா. நான் கண்ணை மூடியிருப்பேன்."

"உங்க கல்யாணப் படத்துலயே திறக்கலை, இப்பவா திறக்கப் போறீங்க?" என்றாள் சித்தி.

எல்லோரும் சிரித்தபடி சூழ்ந்துகொண்டார்கள். இவள் கேமராவை ஆஃப் செய்து மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"முடியாதுங்க" என்றாள். தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. "இன்னும் எட்டுப் படம்தான் வரும். இன்னொரு பேட்டரிக்குச் சார்ஜ் போடாதது என் தப்பு. அந்த எட்டும் தங்கச்சி வந்ததும்தான்."

சித்தப்பா கையை இழுத்துக்கொண்டார். "அட, முதல்லயே சொல்லக் கூடாதா? எல்லாரும் தள்ளுங்கப்பா!" ஜன்னல் வெளிச்சத்தில் அவரே ஆட்களை வரிசையாக நிறுத்தி, நடுவில் ஓர் ஆள் இடம் விட்டார்.

தங்கை மூச்சிரைக்க ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். இவள் ஏழு படம் எடுத்தாள். எட்டாவதற்குக் கேமரா அணைந்தது.

சாயங்காலம் மாமாவிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் இடுப்பைப் பிடித்தபடி அந்த ஏழையும் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தார். அக்கா தங்கை படத்தில் வெகுநேரம் நின்றார்.

"ஞாயித்துக்கிழமை ஒரு பிறந்தநாள் இருக்கு. நீயே போயிடு."

"அப்போ புது பேட்டரி வேணும் மாமா" என்றாள், அவர் முகத்தைப் பார்த்தே.