கிரைண்டருக்கு வந்த வரி

டேப்பை வெச்சு அளந்தா அளந்துட்டுப் போறான், அதுக்குப் போய் ஏன் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கே? இப்படி வா, ஃபேனுக்கு நேரா உக்காரு. வீட்டு வரி ஆளு நம்ம சந்துக்குள்ள வர்றது என்ன புதுசா? வந்தா ஸ்டூல் போடு, தண்ணி குடு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. பெருமையடிக்காதே. அவ்வளவுதான் நான் சொல்லுவேன். பெருமையடிச்சுட்டு நான் பட்ட பாட்டை இந்தக் கல்கத்தாவுல, இந்த பவானிபூர்ல ஒருத்தி பட்டிருக்க மாட்டா. ஆனா கடைசியில ஜெயிச்சது நாங்கதான். அதை முதல்லயே சொல்லிடறேன், இல்லேன்னா நீ பாதியிலேயே கண்ணைக் கசக்குவே.

நீ இப்ப மாடியில குடியிருக்கியே, அங்கேதான் எங்க மாஷிமா இருந்தாங்க. மாஷிமான்னா இங்க பெரியம்மா, சித்தி மாதிரி. வீடு அவங்களோடது. இப்ப மாசாமாசம் வாடகை வாங்க வராளே ஒரு பொண்ணு, அவளோட அத்தை. கல்யாணம் பண்ணிக்கல. சர்க்கார் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. வெள்ளைப் புடவை, கையில குடை, வாயில கத்தி. என்னை பௌமான்னு கூப்பிடுவாங்க, மருமகளேன்னு அர்த்தம். எங்க வீட்டுக்காரருக்கு கார்டன் ரீச்ல கப்பல் கட்டற இடத்துல வேலை. கல்யாணமாகி நான் இங்க வந்து இறங்கின நாள்லேர்ந்து இந்தக் கீழ்வீடுதான். பழைய குடித்தனக்காரங்க வாடகையை வீட்டுக்காரங்க இஷ்டத்துக்கு ஏத்த முடியாதுன்னு சட்டம் இருக்கு பாரு, அதனால நாங்க குடுத்தது ரொம்பக் கொஞ்சம். அவங்க பென்ஷனோ எந்த ஆபீஸ்லயோ ஃபைலுக்கு அடியில தூங்கிட்டிருந்தது. அப்படியும் ஒரு நாள் எங்களைக் காலி பண்ணுன்னு சொன்னதில்லை. திட்டுவாங்க, அது வேற.

மெட்ரோ டோலிகஞ்ச்லேர்ந்து தம்தம் வரைக்கும் முழுசா ஓட ஆரம்பிச்ச சமயம். என் தம்பி கோயமுத்தூர்லேர்ந்து எனக்கு ஒரு கிரைண்டர் கொண்டு வந்து இறக்கினான். ரயில்ல எப்படிக் கொண்டு வந்தான்னு கேக்காதே, அது தனிக் கதை, டிக்கெட் பரிசோதகர் அது மேலயே உக்காந்து வந்தாராம். சும்மா சின்னது இல்லம்மா, கல்யாண வீட்டு சைஸ். ஓட விட்டா மாடியில மாஷிமாவோட கட்டில் ஆடும். "பௌமா, உன் வீட்டுக்கடியில ரயில் போகுதா?"ன்னு ஜன்னல்லேர்ந்து கத்துவாங்க. தோசை மாடிக்குப் போனதும் அவங்க சத்தம் நின்னுடும்.

அத்தனை பெரிய கல்லுல ஒரு வீட்டுக்கு மட்டும் எப்படி அரைக்கிறது? அரைக்கிற அன்னிக்கு அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க பாத்திரம் குடுத்துடுவாங்க, நானும் ஆளுக்கு ரெண்டு கரண்டி ஊத்திக் குடுப்பேன். காசா? சேச்சே. பாத்திரம் மட்டும் காலியாத் திரும்பி வராது. தேங்கா உருண்டை வரும், நறுக்கின வாழைப்பூ வரும், மழை நாள்ல பருப்புச் சாதம் மாதிரி கிச்சுடி வரும். எல்லாமே ஒரே மாதிரி ஸ்டீல் தூக்கு, எது யாருதுன்னு தெரியணுமே. பழைய புடவைக் கரையைக் கிழிச்சு ஒவ்வொரு பிடியிலும் ஒரு கலர் கட்டி வெச்சேன். பச்சை டாக்டர் வீடு, சிவப்பு தையல்காரர் வீடு, மஞ்சள் மாஷிமா. பதினோரு தூக்கு, அடுக்கி வெச்சா பொம்மைக் கொலு மாதிரி இருக்கும்.

அந்த நேரம் பார்த்து வந்தார் வரி ஆபீஸ் இன்ஸ்பெக்டர் பாபு. வைசாக மாசத்து வெயில். தோள்ல ஜோல்னாப் பை, வேர்வை சொட்டுது. பாவம்னு மோர் குடுத்தேன். ரெண்டு தோசை போட்டேன். நல்லாத்தான் சாப்பிட்டார். "இது என்ன மெஷின்?"னு கேட்டார். நம்ம ஊர் சாமானை ஒரு ஆபீசர் கேக்கறாரேன்னு எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. மேல மூடியிருந்த துணியை எடுத்துக் காட்டினேன். சுவிட்சு போட்டுக் காட்டினேன். "பாடா முழுக்க இதுலதான் மாவு!"ன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பாடான்னா நம்ம பேட்டை. தூக்கு வரிசையையும் நானேதான் காட்டினேன்மா. அவர் நோட்டுல எழுத எழுத, நம்ம பெருமையைத்தான் எழுதறார்னு இன்னும் ரெண்டு வீடு சேர்த்துச் சொன்னேன்.

நோட்டீஸ் வந்த அன்னிக்கு மாஷிமா படியில இறங்கி வந்த வேகத்தைப் பார்த்திருக்கணும். கீழ்வீட்டுல மெஷின் வெச்சு வியாபாரம் நடக்குது, அதனால வீட்டு மதிப்பை ஏத்தி, அதுக்கு மேல வியாபார வரியும் போட்டிருக்குன்னு எழுதியிருந்ததாம்.

"என் வீட்டுக்குள்ள ஃபாக்டரி இருக்காம். எனக்குத் தெரியாம எப்ப கட்டினே?"

மோரும் தோசையும் குடுத்ததைச் சொன்னேன். சுவிட்சு போட்டதைச் சொன்னேன். கேட்டுட்டு தலையில கை வெச்சுக்கிட்டாங்க. "ஓரே பாபா! திருடனைக் கூப்பிட்டு பீரோ சாவியையும் குடுத்து, சட்னியும் ஊத்தியிருக்கியே!"

சிரிப்பா இருக்கு இப்ப. அப்ப சிரிக்க முடியல. பக்கத்து ரெண்டு வீட்டையும் ப்ரொமோட்டர் வாங்கி இடிச்சு ஃப்ளாட் கட்டிட்டிருந்தான். வாரம் ஒரு தடவை சந்தேஷ் டப்பாவோட மாடிக்குப் போவான். மாஷிமா ஸ்வீட்டை வாங்கி வெச்சுக்கிட்டு ஆளை அனுப்பிடுவாங்க. நோட்டீஸ் வந்த வாரம் அவனை உக்கார வெச்சுப் பேசினாங்க. "இந்த வரி நிலைச்சுட்டா என்னால கட்ட முடியாது பௌமா, வீட்டை அவனுக்கே குடுத்துக் கையெழுத்துப் போட்டுடுவேன்"னாங்க. அவங்க பொறந்த வீடு அது. எங்களுக்கோ போக வேற இடமில்லை. ரெண்டு குடும்பத்துக் கூரையும் என் வாயால போகப் போகுது. நாலு நாள் கிரைண்டர் மேல கோணியைப் போட்டு மூடி வெச்சேன், என்னவோ அது பேசிடும்ங்கற மாதிரி.

மாஷிமா ஆட்சேபணை எழுதிப் போட்டாங்க. வரி ஆபீஸ்லேர்ந்து விசாரணை, ஹியரிங்னு கூப்பிட்டாங்க. "நீயும் வா, தூக்கையும் எடுத்துக்கோ, காட்டிக் குடுத்தவ நீதானே"ன்னாங்க மாஷிமா. பதினோரு தூக்கையும் ரெண்டு பையில போட்டுக்கிட்டு டிராம்ல போனோம். டிராம் ஆட ஆட ஒரே கலகலகல. கண்டக்டர் "கச்சேரியா?"ன்னு கேட்டார். "ஆமா, பாடப் போறோம்"னாங்க மாஷிமா.

ஆபீஸ்ல ஒரு பெரிய மேஜை. பின்னாடி ஹியரிங் ஆபீசர், பக்கத்துல நம்ம மோர் குடிச்ச இன்ஸ்பெக்டர். என்னை நிமிர்ந்தே பார்க்கல. தூக்கையெல்லாம் மேஜையில வெச்சேன். ஆபீசர் ஒரு துணியைத் தொட்டு, "இது கஸ்டமர் அடையாளமா?"ன்னு கேட்டார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள இன்ஸ்பெக்டர் முந்திக்கிட்டார்: "வியாபாரம் இல்லேன்னா பேரை எழுதி ஒட்டியிருப்பாங்களே சார். பேர் இருந்தா மாட்டிப்பாங்க, அதனாலதான் கலர்."

மாஷிமா என் பக்கம் திரும்பினாங்க. "ஆமா பௌமா, நீ பேரை எழுதியிருக்கலாமே?"

அவங்களுக்குத் தெரியாது. இருபது வருஷத்துக்கு மேல ஒரே வீடு, டீச்சரம்மா, அவங்களுக்கே தெரியாது. கதவுக்கடியில சீட்டு எழுதிப் போடுவாங்க, நான் அதை மாடிக்கே எடுத்துட்டுப் போய், "என்ன மாஷிமா எறும்பு ஊர்ற மாதிரி எழுதியிருக்கீங்க"ன்னு சொல்லி அவங்க வாயாலேயே படிக்க வெச்சுடுவேன். ஊர்லேர்ந்து லெட்டர் வந்தா கண்ணாடி உடைஞ்சு போச்சும்பேன். எத்தனை கண்ணாடிதான் உடையும்? அன்னிக்கு அந்த மேஜைக்கு முன்னாடி எனக்கு வேற வழியில்லை. வெக்கத்தைப் பார்த்தா வீடு போகும்.

"லிக்தே ஜானி நா"ன்னு சொன்னேன். எழுதத் தெரியாதுன்னு. "எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. எந்த மொழியும். கலர்தான் தெரியும். இது பச்சை, டாக்டர் வீடு. இது அவங்க."

ஆபீசர் கண்ணாடியைக் கழட்டிட்டார். மாஷிமா என்னையே பார்த்துட்டிருந்தாங்க.

"காசு வாங்கறதில்லையா?"ன்னு ஆபீசர் மெதுவாக் கேட்டார். இல்லைங்க, பாத்திரம் காலியா வராது, ஏதாவது போட்டுக் குடுப்பாங்க, அவ்வளவுதான்னேன். இன்ஸ்பெக்டர் துள்ளிக் குதிச்சார். "பார்த்தீங்களா சார்! பண்டமாத்து! இதுவும் வியாபாரம்தான்!"

மாஷிமா எழுந்து நின்னாங்க. நான் அவங்களை கிளாஸ் ரூம்ல பார்த்ததில்லை, அன்னிக்குப் பார்த்தேன். "துர்கா பூஜை முடிஞ்சு பிஜயா தசமிக்கு நீங்க நாலு வீட்டுக்குப் போய்க் கால்ல விழுந்து ஸ்வீட் சாப்பிடுவீங்களா? அந்த நாலு வீட்டுக்காரங்க உங்க வீட்டுக்கு வந்து சாப்பிடுவாங்களா? அப்ப கல்கத்தா முழுக்க மிட்டாய்க் கடைன்னு வரி போடுங்க. முதல் நோட்டீஸ் உங்க அம்மாவுக்கு."

வாசல்ல காத்திட்டிருந்தவங்க கொல்லுனு சிரிச்சாங்க. ஆபீசரும் சிரிச்சுட்டார். அப்புறம் பெருமூச்சு விட்டு, "தீதி, அக்கா மாதிரி நீங்க, அரசாங்கத்துகிட்ட பணம் இல்லை. சம்பளத்துக்கே திண்டாட்டம். ஆஸ்பத்திரியில பஞ்சு இல்லை. எங்கேயாவது ஏத்துங்கன்னு மேலேர்ந்து சொல்றாங்க. நாங்க என்ன பண்ண?"ன்னார். நல்ல மனுஷன்தான்.

"எனக்குத் தெரியாதா? என் சொந்தக் காசுல சாக்பீஸ் வாங்கிப் பாடம் நடத்தினவ நான். பள்ளிக்கூடத்துல சாக்பீஸ் இல்லை, எதிர்ல இருக்கற பார்க் வேலிக்கு மட்டும் வருஷா வருஷம் பச்சை பெயிண்ட். எங்கே குடுக்கறதுன்னு தெரியாம செலவழிச்சுட்டு, அந்தப் பள்ளத்தை இவளோட உளுந்து மாவை ஊத்தி ரொப்பப் பார்க்கறீங்க." குடையால தரையில ஒரு தட்டு. "இன்னொண்ணு. இவ வாடகையை ஏத்தக் கூடாதுன்னு எனக்கு ஒரு எல்லை போட்டிருக்கு உங்க சட்டம். என் கையைக் கட்டிட்டு உங்க கையை மட்டும் அவுத்து விட முடியாது. வாடகை எவ்வளவோ, வீட்டு மதிப்பு அவ்வளவுதான். நியாயமான வரியைச் சொல்லுங்க, இப்பவே கீழே போய்க் கட்டறேன்."

ஆபீசர் சட்டப் புஸ்தகத்தைப் புரட்டினார். இன்ஸ்பெக்டர்கிட்ட ஏதோ கேட்டார், அவர் தலையைச் சொறிஞ்சார். அப்புறம் பேனாவை எடுத்து நீளமா ஒரு கோடு. எனக்கு எழுத்துதான் தெரியாது, அடிச்சது தெரியாதா? வியாபார வரி போச்சு. ஏத்தின மதிப்பும் போச்சு. மாஷிமா சொன்ன சொல்படி அப்பவே கவுண்டருக்குப் போய்க் கட்டினாங்க. ரசீது வாங்கினதும் கவுண்டர்காரரைப் பார்த்து, "எங்க சந்துல மூணு விளக்கு எரியல, எழுதிக்கோங்க"ன்னாங்க. "கட்டாதப்ப முனகத்தான் முடியும் பௌமா. இப்ப சத்தம் போடலாம்." மூணுல ரெண்டு எரிஞ்சுது. அதுவே பெரிசு.

திரும்பி வர்றப்ப டிராம்ல மாஷிமா ஜன்னலுக்கு வெளியையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. எனக்கு பயம், பொய் சொல்லி ஏமாத்திட்டேன்னு கோபமோன்னு. காளிகாட் ஸ்டாப்பிங் கிட்ட வந்ததும், "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் எழுத்து சொல்லிக் குடுத்தேன், என் காலடியில ஒருத்தி..."ன்னு ஆரம்பிச்சு, "நாளைக்கு சிலேட்டு வாங்கறேன்"னாங்க.

"போங்க மாஷிமா. இன்னிக்கு ஜெயிச்சது உங்க எழுத்தா, என் கலரா?"

அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சாங்க பாரு, மூச்சு வாங்கிடுச்சு, முன் சீட்டுக்காரர் எழுந்து இடம் குடுத்தார். சிலேட்டு வரவேயில்லை. நாலஞ்சு வருஷம் கழிச்சு அவங்களுக்குக் கண்ணு மங்கிப் போய், மருந்து பாட்டில்ல எழுதியிருக்கறது தெரியாம திணறினாங்களே, அப்ப ஒரு நாள் படியில மெதுவா இறங்கி வந்து, "பௌமா, உன் புடவைக் கரை கொஞ்சம் குடு"ன்னாங்க. பிரஷருக்கு சிவப்பு, சக்கரைக்குப் பச்சை. நான்தான் சொல்லிக் குடுத்தேன். டீச்சரம்மா ஒரே நாள்ல கத்துக்கிட்டாங்க. கடைசி வரைக்கும் அவங்க கட்டிலை யாரும் ஆட்டல, என் கிரைண்டரைத் தவிர.

ப்ரொமோட்டர் அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவை வந்தான். மாஷிமா டப்பாவை வாங்கிக்கிட்டு அதுக்கு பதிலா ஒரு தூக்கு மாவு குடுத்து அனுப்பினாங்க. காலியா அனுப்பக் கூடாதாம்.

ஐயோ, வெளிச்சம் ஏன் இப்படிக் கருத்துப் போச்சு? கால்பைசாகி, கோடைப் புயல் வருதுடி! பாரு, தென்னை மரம் எப்படிச் சாயுது. மாடியில துணி! என்னோடது மட்டுமா, எதிர் ஃப்ளாட்டுக்காரி பெட்ஷீட், மூணாவது மாடிக்காரர் வேட்டி, அவ்வளவு பேருக்கும் காயப் போட இந்தச் சந்துல இருக்கறது நம்ம மொட்டை மாடி ஒண்ணுதான். ஓடு, நீ கிளிப்பைப் பிடுங்கு, நான் கூடையை எடுத்துட்டு வரேன்.