நான் பனி தள்ளிய வாசல்

ஊரில் வேலி அடைக்கும்போது, ஒரு சாண் நிலம் கூடக் கிடைக்காதா என்று வேலிக் கதியால் கம்புகளைச் சத்தமில்லாமல் பக்கத்துக் காணிக்குள் நகர்த்துவார்கள். சுவிஸில், ஓஸ்டர்முண்டிகனில் நான் கண்டது இதற்கு நேர்மாறு. பனி கொட்டினால், வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதையைத் துப்புரவாக்குவது வீட்டுக்காரர் பொறுப்பு. யாராவது வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டால் வழக்கு அவர் தலையில். அதனால் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரிக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் குளிர்காலம் முழுக்கச் சண்டை, அந்த மூலை உன்னுடையது, இல்லை உன்னுடையது என்று.

எனக்கு மேல்மாடி அறையைத் தரும்போதே, பனி தள்ளுவது என் வேலை என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டார். அவருக்கு வயது எழுபதுக்கு மேல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி கிராமத்திலிருந்து யாழ்ப்பாணம் ரவுணுக்கு வந்து தொலைபேசி எடுப்பதாக இருந்தது. முந்தைய மாதம் சொன்ன நாளில் அழைப்பு வரவில்லை. ஊரில் நடக்கும் சண்டையை யோசித்து யோசித்து நித்திரை கெட்டுப் போயிருந்தேன். வீட்டில் இருந்த ஒரே தொலைபேசி வீட்டுக்காரியின் விறாந்தையில். அன்றைக்கென்று பனி தள்ளத் தள்ளக் கொட்டியது. தேவாலயத்துக்குப் போகிறவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். பனி அள்ளும் சவளை நிறுத்தி நிறுத்திக் காது கொடுத்தேன். யாரோ ஒருவர் விழாமல் நடப்பதற்காக அவளுடைய குரலை நான் இழப்பதா என்று பற்றிக்கொண்டு வந்தது.

கதவு திறந்தது. வீட்டுச் செருப்போடு வந்த வீட்டுக்காரி என் கையிலிருந்த சவளைப் பிடுங்கி, ‘டெலிஃபோன்’ என்றார். நான் உள்ளே ஓட, அவரே குனிந்து தள்ளத் தொடங்கினார்.

ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்று மனைவி கேட்டாள். றோட்டில் பனி தள்ளிக்கொண்டு நின்றேன் என்றேன். சிரித்தாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“எங்கட வீட்டு முத்தத்தில ஒருநாளும் விளக்குமாறு தொடாத ஆள்,” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “இஞ்சேருங்கோ, வந்து இதையும் ஒருக்காக் கூட்டுங்கோவன்.”

“வாறன்,” என்றேன். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. அவளுக்கு அது கேட்டதோ தெரியாது.