திங்க உதவாத செடிகள்

குடிசை போட்டிருந்த நிலம் குடியிருப்பவருக்கே என்ற குடிகிடப்புச் சட்டத்தில் எங்களுக்குப் பத்து சென்ட் பதிந்து கிடைத்தபோது, அக்கம்பக்கத்தில் எல்லோரும் தென்னையும் மரச்சீனிக் கிழங்கும் நட்டார்கள். எனக்கு மட்டும் கிறுக்குப் பிடித்தது. பூக்க மட்டுமே தெரிந்த செடிகள் வேண்டும், அதுவும் இந்த வட்டாரத்தில் எவர் வீட்டிலும் இல்லாதவை. துபாயில் மணலைப் பார்த்துச் சலித்த என் வீட்டுக்காரர், பிடித்ததை நடு என்று எழுதிவிட்டார். அது போதாதா?

மாமனார்தான் ஒத்துக்கொள்ளவில்லை. மகள் வீடு கட்டுவதைப் பார்த்துக்கொள்ள ஒற்றசேகரமங்கலம் புறப்பட்டவர், படியில் நின்று சொன்னார்: “நான் வாறப்போ முற்றத்துல மரச்சீனி நிக்கணும். திங்க ஒதவாத சாதனம் நிண்ணா வேரோட பிடுங்கிருவேன், ஆக்கும்.”

“சரி மாமா” என்றேன். மறுநாளே நெய்யாற்றின்கரைக்கு பஸ் பிடித்தேன்.

நர்சரியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. செம்பருத்தி வேண்டாம், பள்ளிக்கூடத்தில் நிற்கிறது. குரோட்டன்ஸ் வேண்டாம், பஞ்சாயத்து ஆபீசில் நிற்கிறது. இலையே பூப்போல இளஞ்சிவப்பாகத் தொங்கும் முசாண்டாவை எடுத்தேன். குட்டையாக நிற்கும் வெள்ளை மந்தாரம் எடுத்தேன். ஊதாவாகப் பூத்து, பிறகு வெளுத்துவிடும் ஒரு புதரும் எடுத்தேன். அதன் பெயர் அமரவிளை தாண்டுவதற்குள் மறந்துபோயிற்று. மடி நிறையச் செடி, முகமெல்லாம் இலை. பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்படி எத்தனையோ தடவை போய்வந்தேன்.

மகள் வீட்டு வேலை இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் நான் கூரை ஓலையை இறக்கி ஓடு போட்டேன். செடிகள் ஆளுயரம் வளர்ந்து, வீட்டையே மறைத்துப் பூத்தன. அப்போதுதான் மாமனார் வருகிறார் என்று தகவல் வந்தது. மண்வெட்டியை விறகுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

உச்சிவேளையில் வந்தார். ஜன்னல் வழியே பார்த்தேன். பூக்களுக்கு முன்னால் திகைத்து நின்றார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். வேலியைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தார். முன்பு இந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்களாக இருந்தவர்களின் பெரிய வீட்டுக்கு, வலிய வீட்டுக்கு, அவர் ஆயுள் முழுக்கப் போன விதம் அது.

அடுக்களை வாசலில் தலை குனிந்து, எஜமானியம்மாவைக் கூப்பிடுகிற சொல்லால் கேட்டார்: “கொச்சம்மோ, இங்க இருந்த எங்க ஆளுக எங்க போனாவ?”

“மாமா, இது நம்ம வீடுதான்” என்றேன். சொல்லும்போதே அழுகை வந்தது.

அவர் திரும்பி ரோட்டுக்குப் போனார். துண்டைத் தோளில் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, முன்வாசல் வழியே பூக்களுக்கு நடுவில் மெதுவாக வந்தார். பிடுங்கத்தான் போகிறார் என்றே நினைத்தேன்.

“ரோட்டோரமும் ரெண்டு நடு மக்கா” என்றார். “வலிய வீட்டுக்காரரு தெனமும் அந்த வழியாக்கும் போறது.”