ஹாஸ்டல் மூடும் நாட்கள்

டிரைவர் டிப்போ ஓய்வறையில் இறந்தார். காலை ஷிப்டு முடிந்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றியிருந்தார். இன்னொன்று காலில் இருந்தது. குனிந்தவர் நிமிரக் காணோமே என்று பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டர் தோளைத் தொட்டுப் பார்த்தார். இதயம் என்றார் டாக்டர், டிரைவரின் மகளிடம்.

மகள் லிஃப்ட் பரிசோதகர். அடுக்குமாடிக் கட்டடங்களில் கயிறு, பிரேக், கதவுப் பூட்டு எல்லாவற்றையும் சோதித்துக் கையெழுத்துப் போடுவது வேலை. எது எப்போது அறும் என்று முன்கூட்டிச் சொல்லச் சம்பளம் வாங்குகிறவள். அம்மாவுக்கு மூச்சு வாங்கியதை அவளும்தான் பார்த்தாள். மாடிப்படி ஏறியதால் என்று நினைத்துக்கொண்டாள்.

ஊரே அம்மாவை டிரைவர் என்றுதான் கூப்பிட்டது. நகரப் பேருந்து ஓட்டியது ஒரு காரணம். வீட்டுக்குள்ளும் அந்தப் பெயர் வந்ததற்கு வேறு காரணம் இருந்தது. பெற்றவர்களோடு இருக்க முடியாத பிள்ளைகளை நல அலுவலகம் சில குடும்பங்களில் விட்டு வளர்க்கும். அப்படி இந்த வீட்டுக்கு முதலில் வந்தவன் ஒரு நெட்டைப் பையன். வாசலைத் தாண்டாமலே கேட்டான்.

"உங்கள என்னன்னு கூப்பிடணும்?"

"அம்மான்னு கூப்பிட உனக்கு ஒருத்தி இருக்கா. நல்லவளோ கெட்டவளோ, அவ இடம் அவளுக்கு. நான் பஸ் ஓட்டறேன். டிரைவர்னு கூப்பிடு."

"சரி டிரைவர். என்னை எந்த ஸ்டாப்புல இறக்கி விடுவீங்க?"

அதற்கு முன் நாலைந்து வீடு மாறியவன். கேள்வியில் குறும்பு கொஞ்சம்தான் இருந்தது. டிரைவர் சிரிக்கவில்லை. "இது எக்ஸ்பிரஸ். நடுவுல நிக்காது. உள்ள வா" என்றார்.

நெட்டையனுக்குக் கணக்கு சுட்டுப்போட்டாலும் வராது என்று பள்ளிக்கூடம் முடிவு கட்டியிருந்தது. டிரைவர் பஸ் யூனிஃபார்மோடு போய் வாத்தியார் முன்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார். அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த மகளிடம், "இவன் எந்தெந்த ஸ்டாப்புல ஏறவே இல்லன்னு பாத்துச் சொல்லு" என்றார். பழுதான மின்சுற்றைப் பார்ப்பதுபோல மகள் முனைக்கு முனை சோதித்தாள். பின்னத்தை மூன்று பள்ளிக்கூடத்தில் மூன்று தடவை படித்திருந்தான். தசம எண்ணை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. ஒரு பள்ளியில் அந்தப் பாடம் வருமுன் மாற்றல். அடுத்த பள்ளியில் அது முடிந்துபோயிருந்தது.

"மண்டை நல்லாத்தான் இருக்கு. ரோடுதான் அங்கங்க இல்ல" என்றார் டிரைவர்.

அதன்பின் வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தச் சோதனை நடந்தது. ரோடு போடுவது மகள் வேலை. டிரைவர் வேலை, பிள்ளை படித்து முடிக்கும்வரை சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருப்பது. டிவி இல்லை, போன் இல்லை, காய்கூட நறுக்கமாட்டார்.

"சும்மா உக்காந்து என்ன பண்றீங்க டிரைவர்?"

"சிக்னல்ல நிக்கறேன். நீ படி."

மகளுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். பார்க்கப் பிடிக்காத நாட்களும் உண்டு. அவள் பள்ளியில் படித்தபோது அப்பா போய்ச் சேர்ந்திருந்தார், டிரைவர் இரட்டை ஷிப்டு பார்த்தார். அவளுக்கு எதிரே நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது.

மூன்றாவதாக வந்தவள் வாயாடி. எண்ணெய்ச் சட்டியில் கடுகு மாதிரி பேசுவாள். அவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது டிரைவர் தெருமுனையிலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே போனார் என்று டிப்போவில் இப்போதும் சொல்வார்கள். முதல் பருவம் முடிந்து லீவு விட்டதும் ஹாஸ்டலை மூடினார்கள். மற்றப் பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். வாயாடிக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. நல அலுவலகத்தைப் பொறுத்தவரை அவள் இனி யார் பொறுப்பிலும் இல்லை. டிரைவர் வீட்டில் அவள் இருந்த அறைக்கு வேறு பிள்ளை வந்துவிட்டது என்பதும் அவளுக்குத் தெரியும். ஒரு தோழி வீட்டுக்குப் போனாள். தோழி வீட்டில் முகம் கோணியதும் வேறு எவனோ ஒருவன் வீட்டுக்கு. ஹாஸ்டல் திறந்தபோது அவள் திரும்பவில்லை. படிப்பு அதோடு சரி.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?" என்று டிரைவர் ஆறாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நெட்டையன்தான் சொன்னான். "எங்கள மாதிரி ஆளுங்க கேக்க மாட்டோம் டிரைவர். சூடு கண்ட பூனைங்க. கேட்டு, இல்லன்னு சொல்லிட்டா? அதுக்குக் கேக்காமலே போயிடலாம்."

மறுவாரமே டிரைவர் சாவிகள் செய்துகொண்டு வந்தார். படிக்கப் போகிற பிள்ளைக்கு வீட்டுச் சாவி. அதைத் திருப்பி வாங்குவதில்லை. லீவு விட்டால் நேரே வரலாம், கேட்கவும் வேண்டாம், தட்டவும் வேண்டாம். ஹாலில் ஒரு மடக்குக் கட்டில். நெட்டையன் கணக்கு வாத்தியாரே ஆகிவிட்டான். அவனிடமும் சாவி இருந்தது.

கடைசியாக வந்தவள் கோட்டான். வந்து ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. "ஏன்டி ஊமைக்கோட்டான் மாதிரி உக்காந்திருக்க?" என்று டிரைவர் ஒருநாள் கேட்டதற்கு, "கோட்டானுக்கு இருட்டுல கண்ணு தெரியும்" என்றாள். அந்த வீட்டில் அவள் பேசிய முதல் வாக்கியம் அது. பெயரும் ஒட்டிக்கொண்டது. கால்நடை மருத்துவம் எடுத்தாள். "மாடும் பேசாது, நானும் பேச மாட்டேன். ஒத்துப்போகும்." கல்லூரி ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்யும் தூரத்தில் இருந்தது.

டிரைவர் இறந்தபோது அவளுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. பரீட்சை முடியும்வரை போன் கூடாது என்பது டிரைவர் போட்ட சட்டம். எழுதி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து வாயால் சொல்ல வேண்டும். அதனால் அவள் கூப்பிடவில்லை. அவளுக்குத் தெரியவும் இல்லை.

தகனம் முடிந்து வெளியே வந்ததும் நெட்டையன் சொன்னான். "கோட்டானுக்குச் சொல்லணும்க்கா."

"பேப்பர் பாக்கி இருக்கு. முடியட்டும்."

"மறைக்காத. எங்களுக்கு எல்லாச் சேதியும் கடைசியாத்தான் வரும். வீடு மாறப் போறோம்கிறதே, கட்டி வச்ச பையப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவோம்."

"சொன்னா எழுதுவாளா?"

அவன் யோசித்தான். "எழுத மாட்டா."

"ஒரு வருஷம் போயிடும்டா."

"டிரைவரா இருந்தா சொல்லியிருப்பாங்க."

"டிரைவர் இருந்திருந்தா சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது" என்றாள் மகள். அவள் மூத்தவள், பெற்ற மகள். அவள் சொன்னதே முடிவாயிற்று. கடைசிப் பரீட்சை அன்று அவளே கல்லூரிக்குப் போய் நேரில் சொல்லி அழைத்துவருவதாக ஏற்பாடு. டிக்கெட்டும் எடுத்தாள்.

நடுவில் ஒரு நாள் பூட்டை மாற்றினாள். பகலில் வீடு காலி. பல வருடத்துச் சாவிகள் எங்கெங்கோ இருந்தன. எத்தனை சாவி வெளியே இருக்கிறது என்று தெரியாத பூட்டு பூட்டே அல்ல. இதெல்லாம் காரணம்தான். அம்மா வீட்டுக்குள் இனி தன்னைக் கேட்காமல் யாரும் நுழையக் கூடாது என்று ஓர் ஆசையும் இருந்தது. கொஞ்ச நாளைக்காவது அம்மா தனக்கு மட்டும் இருக்கட்டும் என்று. புதுச் சாவி ஒன்றை நெட்டையனுக்குக் கொடுத்தாள். கோட்டானுடையதை மேசையில் எடுத்து வைத்தாள். துக்கம் கேட்கிறவர்கள் ஓயாமல் கூப்பிட்டதால் அம்மாவின் போனை அணைத்து வைத்தாள்.

கல்லூரியில் கடைசித் தேர்வை இரண்டு நாள் முன்னதாகவே வைத்துவிட்டார்கள். கோட்டான் அன்று இரவே பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் வந்து சேர்ந்தபோது மகள் ஒரு லிஃப்ட் குழிக்குள் இருந்தாள்.

மாலையில் வீடு திரும்பியபோது கீழே சைக்கிள் கடைக்காரர் டயரிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார். "வந்துச்சே, பாத்தீங்களா?"

"யாரு?"

"அந்தப் பேசாத பொண்ணு. ரொம்ப நேரம் சாவிய விட்டுத் திருகிட்டு இருந்துச்சு. எண்ணெ வேணுமான்னுகூட கேட்டேன். அப்புறம் குனிஞ்சு பூட்டப் பாத்துச்சு. புதுசா மின்னுதில்ல, விரலால தொட்டுப் பாத்துச்சு. யாருக்கோ போன் போட்டுச்சு. எடுக்கல போல. பையத் தூக்கிட்டு இறங்கிடுச்சு."

"நீங்க ஒண்ணும் சொல்லலியா? அம்மா..."

"வீட்டு ஆளாச்சேம்மா! தெரியாம இருக்கும்னு எனக்கென்ன தெரியும்? அழுது ஓஞ்சு வருதுன்னு நெனச்சேன்."

மகள் அங்கேயே நின்று போன் போட்டாள். கோட்டானின் போன் அணைந்திருந்தது. மூடிய ஹாஸ்டல், மூடிய வீடு. வாயாடி போனதும் இப்படித்தான். நெட்டையனைக் கூப்பிட்டாள். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் திட்டவில்லை.

"டெர்மினஸுக்கு வா. யாரையும் கேக்க மாட்டா. ஆனா டிரைவர் முகத்த ஒரு தடவ பாக்காமப் போக மாட்டா."

பேருந்துகள் வந்து திரும்பும் இடத்தில், தூணை ஒட்டிய பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு கோட்டான் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பேருந்து வரும்போதும் ஓட்டுநர் இருக்கையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். மகள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெட்டையன் சற்றுத் தள்ளி நின்றான்.

"பூட்டு மாத்தியிருக்கு" என்றாள் கோட்டான், பேருந்துகளைப் பார்த்தபடியே.

"நான்தான் மாத்தினேன்."

கோட்டான் திரும்பினாள். "நீங்களா? டிரைவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவள் சிரித்துவிட்டாள். முகம் முழுக்க வந்த சிரிப்பு. "அப்பாடா. நான் என்னென்னவோ நெனச்சுட்டேன்க்கா. போனும் எடுக்கலியா, சரி, நம்ம டர்ன் முடிஞ்சிடுச்சுன்னு..."

அந்தச் சிரிப்பு இருக்கும்போதே சொல்ல வேண்டியிருந்தது. மகள் சுற்றி வளைக்கவில்லை. "அம்மா செத்துட்டாங்க. உன் ரெண்டாவது பேப்பர் அன்னிக்கு."

ஒரு பேருந்து வந்து ஆட்களை இறக்கியது. கோட்டான் இந்தத் தடவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எரிச்சாச்சா?"

"ஆச்சு."

"நெட்டையண்ணன் இருந்தானா?"

"இருந்தான்."

"வாயாடியக்கா?"

"வந்திருந்தா. குழந்தையத் தூக்கிட்டு வந்தா."

"அப்போ நான் மட்டுந்தான்."

"நீ பரீட்சை எழுதணுமேன்னு..."

"எழுதிட்டேன்" என்றாள். "நல்லா எழுதினேன். சொல்லலாம்னுதான் உடனே ஓடி வந்தேன்."

பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். அழவில்லை. "கடைசியா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

ஒரு பொய் மகளின் நாக்கு நுனிவரை வந்தது. 'நீ எழுதி முடிக்கணும்னு சொன்னாங்க' என்றால் போதும். யாரும் மறுக்கப்போவதில்லை. பொய்யாகக்கூட இராது, அம்மா நினைத்திருப்பார்.

"இல்ல" என்றாள். "யாரப் பத்தியும் ஒண்ணும் சொல்லல. என்னைப் பத்தியும்தான். ஷூவக் கழட்டிட்டு இருந்தாங்க. ஒண்ணுதான் கழட்டினாங்க. அவ்ளோதான்."

கோட்டானின் உதடு அப்போதுதான் கோணியது. எழுந்து போய் நெட்டையன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அவன் மார்பில் நெற்றியை முட்டி முட்டி அழுதாள். மகள் பெஞ்சிலேயே இருந்தாள். எழுந்து போயிருக்கலாம். போக உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

"வீட்டுக்குப் போலாம்" என்றாள், கொஞ்ச நேரம் கழித்து. "உனக்குச் சாவி வச்சிருக்கேன்."

"வேணாம்க்கா" என்றாள் கோட்டான். குரலில் கோபம்கூட இல்லை. நெட்டையனின் ஒற்றை அறை வீட்டுக்கு அவனோடு போனாள். லீவு முழுக்க அங்கேயே இருந்தாள். மகள் இரண்டு தடவை போனாள். கோட்டான் கதவைத் திறந்தாள், தண்ணீர் கொடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒரு விருந்தாளியிடம் பேசுவது போல.

கல்லூரி திறக்கும் நாளில் நெட்டையன் போன் செய்தான்.

"பஸ் ஏத்திட்டேன்."

"போயிட்டாள்ல? நெஜமா ஏறினாளா?"

"ஏறினாக்கா. ஜன்னல் சீட்டு. டிரைவர் யாருன்னு எட்டிப் பாத்துட்டுத்தான் உக்காந்தா."

"ஏதாவது சொன்னாளா?"

"உன்கிட்ட சொல்லச் சொல்லி ஒண்ணும் சொல்லல." பிறகு அவனே, "அடுத்து எப்போ ஹாஸ்டல் மூடுவாங்கன்னு நான் கேட்டேன். அறுவடைப் பண்டிகைக்கு முந்தின வாரம்னா. அவ்ளோதான்" என்றான்.

மகள் மேற்பார்வையாளர் அறைக்குப் போய் அந்த வாரத்துக்கு லீவு கேட்டாள். இத்தனை முன்கூட்டியா என்றார் அவர், என்ன விசேஷம் என்றார்.

"காலேஜ்லேர்ந்து எங்க வீட்டுப் பொண்ணு வர்றா சார். வீட்ல ஆள் இருக்கணும்" என்றாள்.

வருவாளா என்று அவளுக்குத் தெரியாது. லீவுப் படிவத்தில் தன் பெயரை எழுதிவிட்டு அடுத்த கட்டடத்துக்குக் கிளம்பினாள்.